சோஃபமோர் ஸ்லம்ப்: இரண்டாம் ஆண்டுத் தொய்வு

அமெரிக்கக் கால்பந்தில், எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் ஓர் இளம் ரிசீவர் முதல் ஆண்டில் நன்றாக ஆடிவிட்டால், அடுத்த பருவம் தொடங்கும் முன்பே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘போன வருஷம் வெறும் முன்னோட்டம், இந்த வருஷம்தான் ஆட்டமே’ என்பது ஒரு கட்சி. ‘அவசரப்படாதீர்கள், சோஃபமோர் ஸ்லம்ப் என்று ஒன்று இருக்கிறது’ என்பது மற்றது. முதல் கட்சி எதிர்பார்ப்பதற்கு ‘இயர் டூ லீப்’ என்று பெயர். அங்குள்ள தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல் பார்க்கிற தமிழர்களும் இவற்றை அப்படியே ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். ‘லீப்’ சட்டென்று புரிந்துவிடும். ‘சோஃபமோர்’ அப்படியில்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்களுக்கு அது கல்லூரியில் காதில் விழாத சொல். நமக்கெல்லாம் அது ‘செகண்ட் இயர்’.

பொருள் எளியது. முதல் முயற்சியில் பளிச்சென்று தெரிந்த ஒருவர், இரண்டாவதில் அந்த உயரத்தை எட்டாமல் போவதுதான் சோஃபமோர் ஸ்லம்ப். விளையாட்டுக்கு மட்டுமல்ல, பாடகரின் இரண்டாவது ஆல்பத்துக்கும் எழுத்தாளரின் இரண்டாவது நாவலுக்கும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள். முதல் படத்தில் பெயர் வாங்கிய இயக்குநரின் இரண்டாவது படத்துக்கு நம் ஊரில் எப்படிக் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சொல்லின் வரலாறுதான் சுவையானது. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவரை ‘சோஃபமோர்’ என்பார்கள். ஆனால் சொல் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மாணவர்கள் தர்க்கம் செய்து பழகுவது படிப்பின் பெரும் பகுதியாக இருந்தது. ‘சோஃபிசம்’ என்ற சொல்லுக்கு அன்று ‘சோஃபம்’ என்றொரு வடிவமும் உண்டு. வாதம் என்று பொருள். அப்படி வாதம் பழகும் மாணவன் ‘சோஃபமர்’. அந்த வழக்கு ஹார்வர்டுக்குப் போய் அமெரிக்காவில் நிலைத்தது. பிறந்த இங்கிலாந்தில் மறைந்துபோனது.

அப்புறம் யாரோ அதற்குள் கிரேக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். ‘சோஃபோஸ்’ என்றால் அறிவாளி, ‘மோரோஸ்’ என்றால் மூடன். இரண்டையும் சேர்த்தால் ‘அறிவுள்ள மூடன்’. முதல் ஆண்டை முடித்துவிட்ட மிதப்பில் எல்லாம் தெரிந்ததுபோல் நடப்பவனுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது அல்லவா? பொருந்துவதால்தான் இந்த விளக்கம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்லின் இன்றைய எழுத்து வடிவமே இந்தக் கற்பனையால் வளைந்தது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். உண்மையான வேர் வாதம்தான். மூடன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன். தமிழிலும் இப்படி ஓசையைப் பிடித்துக்கொண்டு வேர் கற்பிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘ஸ்லம்ப்’ என்பதற்கு முதற்பொருள் சேற்றில் கால் புதைவது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பங்குவிலை படுத்துவிடுவதற்கு இந்தச் சொல் வழங்கியது. அந்தப் பொருளோடுதான் விளையாட்டுப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. பேஸ்பால் ரசிகர்களிடம் ‘சோஃபமோர் ஜின்க்ஸ்’ என்ற வழக்கும் உண்டு. அதற்கு மட்டும் தமிழில் தேடவே வேண்டாம். கண்ணேறு, திருஷ்டி என்று தயாராக வைத்திருக்கிறோம்.

ரிசீவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். தடுப்பவர்களைத் தாண்டி, சொல்லி வைத்த பாதையில் ஓடி, சொல்லி வைத்த இடத்தில் திரும்ப வேண்டும். அந்தப் பாதைக்கு ‘ரூட்’ என்று பெயர். அகராதி பார்த்து ‘பெறுநர்’ என்று எழுதினால் அனுப்புநர் எங்கே என்று தபால்காரர் கேட்பார். ‘பந்து பிடிப்பவர்’ என்றால் கிரிக்கெட் ஃபீல்டர் நினைவுக்கு வருகிறார். கோயில் சொத்துக்கு நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரோடு குழம்பும் ஆபத்து இருந்தாலும், ‘ரிசீவர்’ என்றே விட்டுவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தச் சொல்லுக்குப் பாடப்புத்தக உதாரணம் வேண்டுமென்றால் தாம்பா பே அணியின் மைக்கேல் கிளேட்டன். 2004இல் முதல் ஆண்டிலேயே 80 பந்துகளைப் பிடித்து அணியை 1,193 கெஜம் முன்னே கொண்டுபோனார்; எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்த ‘டச் டவுன்’ 7. ஓராண்டில் ஆயிரம் கெஜம் என்பது ரிசீவருக்குக் கௌரவமான எல்லை. புதியவர்களில் அதைத் தொடுபவர்கள் சிலர்தான். ரசிகர்கள் அடுத்த பத்தாண்டுக்குக் கவலை விட்டது என்று நினைத்தார்கள். 2005இல் 32 பந்துகள், 372 கெஜம், டச் டவுன் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு எந்த ஆண்டிலும் அவர் 500 கெஜத்தைத் தொடவில்லை.

‘தலைக்கனம்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம், சொன்னார்கள். ஆனால் 2004இல் அந்த அணியில் என்ன நடந்தது என்று பாருங்கள். மூத்த ரிசீவர் கீனன் மெக்கார்டல் ஒப்பந்தத் தகராறில் அணிக்கு வராமலே இருந்து, கடைசியில் வேறு அணிக்குப் போனார். இன்னொரு மூத்தவர் ஜோயி கேலவே காயத்தால் பல ஆட்டங்களில் இல்லை. எறிந்த பந்தெல்லாம் புதுப்பையனைத் தேடி வந்தது. 2005இல் கேலவே முழு உடல்நலத்தோடு திரும்பி 1,287 கெஜம் எடுத்தார். கிளேட்டனோ காயங்களோடு ஆடினார். அவருடைய ஆட்டமும் குறைந்தது, அவருக்கு வாய்த்திருந்த சூழ்நிலையும் போய்விட்டது. ஸ்லம்ப் என்ற சொல் இதில் முதலாவதை மட்டும்தான் காட்டுகிறது.

இன்னொன்றும் அதில் ஒளிந்திருக்கிறது. யாருடைய இரண்டாம் ஆண்டைப் பற்றி நாம் பேசுகிறோம்? முதல் ஆண்டில் அபாரமாக ஆடியவருடையதை மட்டும். சுமாராக ஆடியவரின் இரண்டாம் ஆண்டு சுமாராக இருந்தால் யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. அபாரமான ஓர் ஆண்டில் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அதிர்ஷ்டம் அடுத்த ஆண்டும் அதே அளவில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக அவர்களைவிடச் சராசரிக்கு நெருங்கிய உயரத்திலேயே இருப்பதைக் காட்டினார். இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் சொல்வார்கள். ரிசீவர்களுக்கும் அதே கணக்குதான். கூடவே, எதிரணிப் பயிற்சியாளர்கள் கோடை முழுக்கப் பையனின் வீடியோவைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். முதல் ஆண்டில் ஒருவர் காத்த இடத்தில் இப்போது இரண்டு பேர் நிற்பார்கள்.

சில ஆண்டுகளில் ஸ்லம்ப்பே கிடையாது, கணக்குத் தவறு மட்டும்தான். சின்சினாட்டியின் ஜாமார் சேஸ் 2021இல் 17 ஆட்டத்தில் 1,455 கெஜம். 2022இல் 1,046. நானூறு கெஜம் போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் இடுப்புக் காயத்தால் அவர் ஆடியது 12 ஆட்டம்தான். ஓர் ஆட்டத்துக்கு என்று வகுத்தால் முதல் ஆண்டு சுமார் 86, இரண்டாம் ஆண்டு 87. பூக்கா நகூவா கதையும் அதுவே. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் ஐந்தாம் சுற்றில், 177ஆவது ஆளாக ராம்ஸ் அணி எடுத்த அவர் 2023இல் 105 பந்து, 1,486 கெஜம் என்று புதியவர்களுக்கான சாதனையையே மாற்றி எழுதினார். அடுத்த ஆண்டு முழங்கால் காயம். 11 ஆட்டத்தில் 990 கெஜம். வகுத்துப் பார்த்தால் 87இலிருந்து 90. மொத்தத்தை மட்டும் பார்த்துச் சரிந்தார் என்று எழுதியவர்கள் வகுத்தல் போட மறந்துவிட்டார்கள்.

பாய்ச்சலை எதிர்பார்க்கிற கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. கல்லூரி ஆட்டம் ஜனவரி வாக்கில் முடிந்ததும் பையனுக்கு ஓய்வு கிடையாது. இண்டியானாபொலிஸில் உடல்திறன் சோதனை, பிறகு அணிகளுடன் நேர்காணல், ஏப்ரலில் டிராஃப்ட். அதுவரை அவன் பயிற்சி எடுப்பது நேராக ஓடி நேரத்தைக் குறைக்கத்தான். எந்த ஊர், எந்த அணி, எந்த ஆட்டமுறை என்றே தெரியாது. டிராஃப்ட்டுக்குப் பிறகு சில மாதங்களில் ஒரு தடித்த ஆட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்து, கல்லூரிப் பருவத்தைவிட நீண்ட பருவத்தில் இறங்க வேண்டும். இரண்டாம் ஆண்டில்தான் முதன்முறையாக ஒரு முழு ஓய்வுக்காலம் கிடைக்கிறது: அதே அணி, அதே புத்தகம், முடிந்தால் அதே குவாட்டர்பேக். எங்கே ஓட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓடியவன் இப்போது யோசிக்காமல் ஓடுகிறான். பாய்ச்சல் என்று சொல்வதில் பாதி இதுதான்.

டெட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன் 2007இல் 756 கெஜம் எடுத்தவர், அடுத்த ஆண்டே 1,331 கெஜமும் 12 டச் டவுனும் எடுத்தார். அந்த ஆண்டு அவருடைய அணி ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்றது. மினசோட்டாவின் ஜஸ்டின் ஜெஃபர்சன் 1,400இலிருந்து 1,616க்குப் போனார். அதே அணியில் முன்னொரு காலத்தில் ஆடிய ரேண்டி மாஸுக்கு 1998இலிருந்து 1999க்கு டச் டவுன் 17இலிருந்து 11ஆகக் குறைந்தது, கெஜம் 1,313இலிருந்து 1,413ஆகக் கூடியது. இதைப் பாய்ச்சல் என்பதா தொய்வு என்பதா? இரண்டு கட்சியும் தனக்குப் பிடித்த எண்ணைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் கிரீன் பேயின் டவான்டே ஆடம்ஸ். 2014இல் முதல் ஆண்டு 446 கெஜம், சுமார்தான். 2015இல் பருவம் தொடங்கும் முன்பே அணியின் முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சன் முழங்கால் காயத்தால் வெளியேற, எல்லாக் கண்களும் ஆடம்ஸ் மேல் திரும்பின. கணுக்கால் வலியோடு ஆடி, கைக்கு வந்த பந்துகளை விட்டு, 483 கெஜமும் ஒரே ஒரு டச் டவுனும் எடுத்தார். இந்த ஆளை விட்டுவிடலாம் என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். 2016இல் 997 கெஜம், 12 டச் டவுன். 2020இல் 18 டச் டவுன். இரண்டாம் ஆண்டோடு கணக்கை முடித்திருந்தால் அந்த அணி தன் காலத்தின் மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவரைக் கையாலே தள்ளியிருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘சோஃபமோர்’ பக்கம் பிரச்சினை இல்லை. அறிவு, மூடன் இரண்டையும் இழுத்து வந்து புதுச்சொல் புனைய வேண்டாம். ‘இரண்டாம் ஆண்டு’ போதும். அதன் இணையான ‘ரூக்கி’க்குப் புதுமுகம் இருக்கிறது. கத்துக்குட்டி என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆளை மட்டம் தட்டும் சொல், 1,400 கெஜம் எடுத்தவனுக்குப் போடக்கூடாது.

‘ஸ்லம்ப்’ பக்கம்தான் தேர்வு வேண்டும். செய்தித்தாள் பழக்கத்தில் முதலில் வருவது ‘வீழ்ச்சி’. விழுந்தவர் எழுந்திருப்பாரா என்ற கேள்விக்கு அது இடமே தருவதில்லை. ‘சரிவு’ பங்குச் சந்தைக்குப் பழகிய சொல், எண்களைப் பேசப் பொருத்தம், ஆளைப் பேச அவ்வளவாக ஒட்டவில்லை. ‘மந்தம்’ வணிகத்துக்கும் வயிற்றுக்கும் போய்விட்டது. ‘சுணக்கம்’ நல்ல சொல், ஆனால் அதில் தாமதம் என்ற வாடை இருக்கிறது. மிஞ்சுவது ‘தொய்வு’. கட்டிய கொடி தொய்ந்துபோனால் அறுந்துவிட்டது என்று பொருளில்லை, மறுபடி இழுத்துக் கட்டலாம். கதை நடுவில் தொய்வடைகிறது என்று திரைவிமர்சனத்தில் ஏற்கெனவே எழுதுகிறோம். பிற்பாதியில் அது நிமிரவும் கூடும். ஆடம்ஸுக்கு நடந்தது சரியாக இதுதான். ஆகவே ‘இரண்டாம் ஆண்டுத் தொய்வு’. எதிர்ச்சொல்லுக்குத் தேடலே தேவையில்லை: ‘இரண்டாம் ஆண்டுப் பாய்ச்சல்’.

இங்கிலாந்துக் கால்பந்தில் ‘செகண்ட் சீசன் சிண்ட்ரோம்’ என்கிறார்களே, அது ஆளுக்கு அல்ல, அணிக்கு. மேல் பிரிவுக்கு உயர்ந்து வந்த அணி முதல் ஆண்டில் அசத்திவிட்டு அடுத்த ஆண்டு தடுமாறுவது. இப்ஸ்விச் டவுன் 2000–01இல் ஐந்தாம் இடம் பிடித்து, மறுவருடமே கீழிறக்கப்பட்டது. ஷெஃபீல்டு யுனைடெட் 2019–20இல் ஒன்பதாம் இடம், அடுத்த பருவத்தில் கடைசி இடம். இதற்குத் தொய்வு போதாது. பிரிவே மாறிவிட்ட பிறகு இழுத்துக் கட்ட எதுவும் இல்லை. இங்கே ‘இரண்டாம் பருவச் சரிவு’ என்று எழுதுவதே முறை.

‘தொய்வு’ என்று எழுதும் முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்த பிறகும் குறைவு தெரிகிறதா? பந்து எறிகிறவர் மாறினாரா? நியூயார்க் ஜயண்ட்ஸின் மலீக் நேபர்ஸ் 2024இல் 109 பந்துகளைப் பிடித்துவிட்டு, 2025இல் நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தை இழந்தார். அவருடைய இரண்டாம் ஆண்டுக்குத் தொய்வும் பொருந்தாது, பாய்ச்சலும் பொருந்தாது. காயம் என்று எழுதினால் போதும்.