ராத்திரி 120, காலையில் 260

திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "ஏழு வயசில் மகளுக்குச் சுகர் வந்தது. ஒழுங்காக இருந்தவள்தான். வயசுக்கு வந்ததிலிருந்து ராத்திரி 120 இருந்தால் காலையில் 260. திருட்டுத்தனமாகத் தின்கிறாளோ?"

தின்றிருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அவள் மேல் விழ வேண்டாம்.

இது முதல் வகை நீரிழிவு. இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோனதால் ஊசிதான் வழி. 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக அந்த ஊசி போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்ஸனும் 14 வயதுப் பிள்ளைதான்.

சரி, ராத்திரி என்ன நடக்கிறது? பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் முன்பைவிட அதிகம் சுரக்கும், அதுவும் ஆழ்ந்த தூக்கத்தில், அலை அலையாக. அது கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. எரிக்கக் கொழுப்பு கிடைத்துவிட்ட தசை, இன்சுலின் கூட்டிவரும் சர்க்கரையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கல்லீரலும் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். மற்றவர்களின் கணையம் சத்தமில்லாமல் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். விடிந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இவளுக்கு டாக்டர் கூட்டினால்தான் உண்டு. நாளுக்கு 30 யூனிட் போதுமாயிருந்த 40 கிலோ பிள்ளைக்கு 50, 60 தேவைப்படலாம்.

அவள் வளர்கிறாள் என்று மீட்டர் சொல்கிறது. வீட்டில் அது திருட்டுக்கு அத்தாட்சியாகிவிடுகிறது. 'நான் யார்' என்று தேடும் வயது. தோழிகள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கும்போது இவள் மனசுக்குள் யூனிட் கணக்குப் போட வேண்டும். கல்யாண வீட்டில் "பாவம், இந்த வயசிலேயா" என்பார்கள். தினமும் விசாரணை நடந்தால் எண்ணை மாற்றி எழுதப் பழகுவாள். பொய் எண்ணை வைத்து எந்த டாக்டராலும் டோஸைச் சரிசெய்ய முடியாது, சுகர் இன்னும் ஏறும், அப்புறம் விசாரணையும் கூடும்.

"சடங்குக்கு அப்புறம் தோஷம்" என்று தாயத்து கட்டி ஊசியை நிறுத்தச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் தாங்காது. இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சில நாள் அதிகாலை 3 மணிக்கும் சுகர் பாருங்கள். அப்போது தாழ்ந்திருந்தால் கதை வேறு. தாழாமல் இருந்து விடியும்போது ஏறினால் நான் சொன்ன கதைதான். மீட்டர் அவள் கையில் இருக்கட்டும், ஆனால் நீங்களும் விழித்திருங்கள்; மொத்தப் பொறுப்பையும் அவள் தலையில் கட்ட வேண்டாம். அந்த எண்களோடு போகும்போது டாக்டரிடம் முதலில் அவளே பேசட்டும்.