பீட்டா பிளாக்கர்: பிரஷர் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்

"பிரஷர் நார்மல் ஆயிடுச்சு டாக்டர், அதான் மாத்திரையை விட்டுட்டேன்." அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மாத்திரை அட்டையில் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் என்று பீட்டா பிளாக்கர் பெயர் இருந்தால் நான் முதலில் நாடியைத்தான் பிடிப்பேன்.

கோபமோ பயமோ, உடல் அட்ரினலினைச் சுரக்கும். அது இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பிகளில் (அட்ரினலினின் சேதியை வாங்கும் புரதங்கள்) போய் ஒட்டினால் துடிப்பு வேகமெடுக்கும், இதயம் சுருங்கும் விசையும் கூடும். துண்டு போட்டு இடம்பிடிப்பது மாதிரி, பீட்டா பிளாக்கர் அந்த ஏற்பிகளில் முன்கூட்டியே உட்கார்ந்துவிடுகிறது. இதயம் நிதானமாகத் துடிக்கும், அதன் ஆக்ஸிஜன் தேவையும் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் அதிகம் பாய்வது அது விரிந்து ஓய்வெடுக்கும் இடைவெளியில்தான். துடிப்பு குறைந்தால் அந்த இடைவெளி நீளும். நெஞ்சுவலிக்காரர்களுக்கு இந்த மருந்து கைகொடுப்பது இதனால்தான். சிறுநீரகத்தில், பிரஷரை ஏற்றிவிடும் ரெனின் சுரப்பும் குறைவதால் ரத்த அழுத்தம் மேலும் இறங்கும்.

சரி, நிறுத்தினால் என்ன? மருந்து வாரக்கணக்கில் உள்ளே போகும்போது உடல் சும்மா இருப்பதில்லை. அடைபட்டதை ஈடுகட்ட ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் மாத்திரையை விட்டால், பெருகிய அத்தனை ஏற்பிகள் மீதும் அட்ரினலின் பாயும். படபடப்பு, பிரஷர் எகிறுவது, நெஞ்சுவலி, இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்புகூட வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டாக்டர் 1 முதல் 2 வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவதும் நிறுத்துவதுதான்.

நாடி 55, 60 என்று இருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்தால் உடனே காட்டுங்கள்.

ஆஸ்துமா இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 1960களில் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் (1988இல் அவருக்கு நோபல் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு) இதயம், நுரையீரல் என்று பேதம் பார்க்காது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம்தான். அதை மருந்துக் கணக்கில் பலர் சேர்ப்பதே இல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கு ஒன்று. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து அமுக்கிவிடும். வியர்வை மட்டும் அப்படியே வரும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகர் மெஷினை எடுங்கள்.