நாற்காலியைத் திருப்பிப் போட்டபோது

1950களில் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் முதியோர் வார்டைப் புதுப்பித்தார்கள். புது நாற்காலிகளும் வந்தன. ஆனாலும் அங்கிருந்த மூதாட்டிகள் ஒருவரோடொருவர் பேசவில்லை. உளவியலாளர் ராபர்ட் சோமரின் கண்ணில் பட்டது நாற்காலிகள் கிடந்த விதம். எல்லாம் சுவரோரமாக, தோளோடு தோள் ஒட்டி, வரிசையாக. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். சிறிய சதுர மேசைகளைப் போட்டு, சுற்றிலும் நாற்காலிகளை வைத்துப் பார்த்தார். முதலில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. பழகிய பிறகு பேச்சு கணிசமாகக் கூடியது.

சோமர் இன்னொன்றையும் கவனித்தார். மேசையில் எதிரெதிரே இருப்பவர்களைவிட, மூலையை ஒட்டி அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பவர்கள் அதிகம் பேசினார்கள். ஆற்றுப்படுத்துநர்கள் (மனநல ஆலோசகர்கள்) பலர் நாற்காலியைச் சற்றுச் சாய்கோணத்தில் போடுவது இதனோடு பொருந்துகிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் பார்வைக்குத் தப்ப வழியில்லை, விசாரணை போலாகிவிடும். சாய்ந்த கோணத்தில், வேண்டும்போது முகத்தைப் பார்க்கலாம், வெட்கமோ அழுகையோ வரும்போது இயல்பாகப் பார்வையை விலக்கிக்கொள்ளலாம். அந்தச் சின்னச் சுதந்திரம்தான் வாயைத் திறக்க வைக்கிறது என்பது என் எண்ணம். காரில் பக்கவாட்டில் உட்கார்ந்து போகும்போது பிள்ளைகள் சமூகப் பணியாளரிடம் மனம் திறப்பதும் இதனால்தான் இருக்கும்.

கதவும் முக்கியம். வன்முறைக்கு ஆளான ஒருவருக்கு, வெளியேறும் வழி கண்ணில் படாத இருக்கை நிம்மதி தராது. பேச்சு வெளியே கேட்கும் அறையில், கேட்டாலும் பரவாயில்லை என்பவை மட்டுமே பேசப்படும்.

அலுவலகத்தில் சமூகப் பணியாளர் வீட்டுக்காரர் மாதிரி, வந்தவர் விருந்தாளி மாதிரி. வீட்டுக்கே போய்ப் பார்க்கும்போது இது தலைகீழாகிறது. எங்கே உட்காருவது என்பதைக்கூட வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த அறையில் அடிக்கிற கணவர் இருந்தால், அந்தப் பெண்ணுக்கு வீட்டைவிட அலுவலகமே பாதுகாப்பு. எந்த இடம் நல்லது என்பதற்குப் பொது விடை கிடையாது. யாருக்கு, எதைப் பேச என்று கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

சமூகப் பணி அறையைத் தாண்டித் தெருவையும் படித்தது. அமெரிக்கச் சமூகப் பணி முன்னோடி ஜேன் ஆடம்ஸ் 1889இல் சிகாகோவின் ஏழைக் குடியேறிகள் நடுவே ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கி, அங்கேயே குடியிருந்தார். அங்கு வசித்தவர்கள் வீடுவீடாகக் கூலி விவரம் சேகரித்து, கூலி அளவுக்கு ஒரு வண்ணம் என்று 1895இல் வரைபடமாக வெளியிட்டார்கள். ஒரு குடும்பத்தின் வறுமை தனியே பார்த்தால் அவர்கள் குறை போலத் தெரியும். தெரு முழுக்க அதே வண்ணம் படிந்திருப்பதைப் பார்த்தால், கேள்வி கூலியை நோக்கித் திரும்பும்.

இப்போது காணொளியில் ஆலோசனை நடக்கிறது. இடம் மறைந்துவிடவில்லை, இரண்டாகிவிட்டது. அதனால் பேச்சைத் தொடங்கும் முன் கேட்க வேண்டியது: "இப்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்."