ஏர்கான் பூஞ்சையைத் தடுக்காது

போன வாரம் இன்னொருவர் வந்தார். மூன்று மாத ரெசிடென்சிக்கு, அதாவது இங்கேயே தங்கி ஓவியம் செய்யும் திட்டத்துக்கு, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் ஓவியர். அட்டைக் குழாயிலிருந்து கைக்காகிதத்தை உருவி என் மேசையில் விரித்ததுமே வாடை அடித்தது. நீல வண்ணத்தின் ஓரத்தில் சாம்பல் தூவியதுபோல வெள்ளை வட்டங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வட்டத்திலும் மெல்லிய ரோமம். பதினோரு வார உழைப்பு.

“அக்கா, பகல் முழுக்க ஏர்கான் போட்டுத்தானே வச்சிருந்தேன்?”

காகிதச் சீரமைப்பு வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏர்கான் அறையைக் குளிர வைக்கிறது; காயவைப்பது அதன் முதல் வேலை இல்லை. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், விடிகாலையில் 90ஐத் தாண்டும். காகிதத்தைச் சுற்றி 65ஐத் தாண்டி நிலைத்தாலே பூஞ்சைக்கு வழி பிறந்துவிடும். மாலையில் ஏர்கானை அணைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. சுவரும் காகிதமும் இன்னும் சில்லென்று இருக்கின்றன. குளிர்ந்த எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் உங்கள் ஓவியத்துக்கும் நடக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். காகிதம் குடித்துவிடும். பகலில்கூட, அறை போதிய அளவு குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று விசிறி மட்டும் ஓடினால், உள்ளே படிந்த ஈரம் திரும்பவும் அறைக்குத்தான் வரும்.

இந்த ஓவியர் தினமும் மாலையில் சில்லிட்ட காகிதத்தை அப்படியே சுருட்டி, ஜன்னல் திறந்த தங்குமிடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். போதாததற்குக் கோதுமைப் பசை. பூஞ்சைக்கு அது விருந்து. நீர்வண்ணத்தில் இருக்கும் கருவேலம் பிசினும் அப்படியே.

சிங்கப்பூரில் காகித வேலையே ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ராபர்ட்சன் கீயில் எஸ்டிபிஐ (STPI) என்ற அச்சுக்கலைக் கூடம் 2002 முதல் வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்துக் காகிதத்திலும் அச்சிலும்தான் வேலை செய்ய வைக்கிறது.

ஸ்டூடியோ சாவி கையில் கிடைத்த அன்றே ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். அதன் எண்ணைப் பாருங்கள், ஏர்கான் ரிமோட்டை அல்ல. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் கேட்டு வாங்குங்கள். தொட்டி நிரம்பினால் அது தானாக நின்றுவிடும், தினமும் கொட்ட வேண்டும். அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் ஒரு அறைக்குப் போதவே போதாது. வெளிச்சுவரில் ஓவியத்தைச் சாய்க்காதீர்கள். வெளியே எடுத்துப் போவதானால், ஓவியம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த அறையிலேயே பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றுங்கள். போன இடத்தில் சில மணி நேரம் பிரிக்காதீர்கள், காற்றின் ஈரம் உறைமேல் படியட்டும். ஈரமாக இருக்கும்போது மட்டும் தயவுசெய்து சுற்றிவிடாதீர்கள். ரெசிடென்சி முடிகிற கடைசி நாளில் எல்லாரும் செய்வது அதுதான்.

பூஞ்சை வந்துவிட்டதா? ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, நாருக்குள் இறங்கிவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மற்றப் படங்களிலிருந்து பிரித்து வையுங்கள். வாடை வந்த அன்றே யாரிடமாவது காட்டுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

அந்த ஓவியத்தை உலரவைத்துத் தூசை உறிஞ்சி எடுத்துவிட்டேன். ரோமம் போய்விட்டது. வட்டங்கள் இருந்த இடத்தில் நீலம் வெளுத்திருக்கிறது. அதை என்னால் மீட்க முடியவில்லை.