சாக்கெட்: கொழுவிலிருந்து குதைவரை

வேலூர்ப் பக்கம் மின்வண்டிக்குச் சார்ஜ் போட எலக்ட்ரீஷியனிடம் சாக்கெட் வேண்டும் என்று கேட்பவர் குறைவு. "வண்டிக்கு வெளியில ஒரு பாயிண்ட் இழுத்து உடுப்பா" என்பதுதான் பேச்சு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் 'பவர் பிளக்' என்பார். பிளக் என்பது செருகுவது, அதாவது செருகி. சுவரில் இருப்பதுதான் சாக்கெட்.

பழைய பிரெஞ்சில் 'சொக்' என்றால் ஏர்க்கொழு. கொழு வடிவ ஈட்டிமுனைக்கு 'சொக்கெட்' என்று பெயர். அது 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து, அப்புறம் எதையும் செருகிப் பிடித்துக்கொள்ளும் குழிக்கு ஆகிவந்தது. மின்சாரப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்ந்ததுதான்.

தமிழில் 'பொருத்துவாய்' உண்டு. இலங்கையில் 'குதை' என்கிறார்கள். வில்நுனியில் நாண் மாட்டும் வெட்டும், அம்பின் அடியில் நாண் பதியும் பிளவும் குதைதான். என் ஓட்டு இதற்கே. துளை வெறும் ஓட்டை; குதை பிடித்துக்கொள்ளும்.

மின்வண்டி விஷயத்தில் அந்தப் பிடிப்புதான் எல்லாம். வீட்டு சாக்கெட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1293, அளவு 6, 16 ஆம்பியர். முன்பு 5, 15 என்று இருந்ததால் இன்னும் '15 ஆம்ப் பாயிண்ட்' என்கிறோம். மிக்ஸி சில நிமிடம் ஓடும். காரோடு வரும் சார்ஜரோ இரவு முழுக்க 15 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்து 0.1 ஓம் மின்தடை வந்தாலே அந்த இடத்தில் 22.5 வாட் சூடு: சால்டரிங் அயன் ஒன்றைச் சுவருக்குள் விட்டுவிட்டுத் தூங்குவதுபோல. மின்னோட்டம் அளவை மீறாததால், மீறினால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி.யும் விழாது. பிளக் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜ் போட்ட மின் ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். வண்டி நிற்கும் இடத்தையும் யோசித்துத்தான் பாயிண்ட் போட வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் சார்ஜிங் நிலையங்களுக்குச் சொல்வது: தனி சர்க்யூட், 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாத மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி, தரையிலிருந்து குறைந்தது 800 மி.மீ. உயரத்தில் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் கூடாது. வீட்டிலும் இதையே கேட்டு வாங்கலாம்.

காரின் உடம்பில் இருக்கும் வாய்க்குத் தரநூல்களில் 'இன்லெட்' என்று பெயர். அது சாக்கெட் அல்ல. 'உள்வாய்' எனலாம். ஷோரூமில் 'சார்ஜிங் போர்ட்' என்றால்தான் புரியும், அது வேறு கதை.