பாலிப்: பூவும் அல்ல, பூச்சியும் அல்ல

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தம்பி, இது பூவா?" என்பதுதான். அதில் இருக்கும் தோல் பவளம் (தோல் போல மெத்தென்ற ஒரு மென்பவளம்) நன்றாக விரிந்து நிற்கையில் அப்படித்தான் தோன்றும். அதில் பூப்போல விரியும் ஒவ்வொரு சின்ன உயிரையும் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் 'பாலிப்' என்பார்கள். "பாலிப் விரிஞ்சிருக்கா?", "ரெண்டு நாளா பாலிப் வெளியவே வரல." நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்க மொழியில் 'பொலி' என்றால் பல, 'பூஸ்' என்றால் கால். நாற்காலி, முக்காலி போல இது 'பல்காலி'. ஆனால் கிரேக்கர்கள் அப்படி அழைத்தது பவளத்தை அல்ல; நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிறார்களே, அந்த எட்டுக் கை உயிரை. மூக்கினுள் வளரும் சதைக்கும் அதே பெயரை வைத்தார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் இன்றும் 'பாலிப்' என்பது அந்த வழியில்தான்.

பவளத்துக்கு இந்தப் பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டில். இத்தாலியரான மார்சிலி, செம்பவளக் கிளையைக் கடல்நீரில் இட்டபோது அதன்மேல் வெண்மையாக விரிந்தவற்றைக் கண்டு 'பவளத்தின் பூக்கள்' என்று எழுதினார். 1720களில் மார்செய் நகர மருத்துவர் பெய்சொனல், அவை பூக்களல்ல, விலங்குகள் என்று கண்டார். பாரிஸில் பெரிய அறிஞராயிருந்த ரியோமூர் முதலில் இதை ஏற்கவில்லை. 1740இல் டிரம்ப்ளே என்பவர் நன்னீரில் வாழும் ஹைட்ரா என்ற சிறு உயிரை ஆராய்ந்தார். அதன் கைகள் பேய்க்கணவாயை நினைவூட்டவே, அதற்குப் 'பொலிப்' என்ற பெயர் வந்தது. பிறகு ரியோமூரும் பெய்சொனல் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டார்; அதே வடிவிலான பவள உயிர்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

தமிழில் என்ன சொல்வது? 'பவளப் பூச்சி' பழக்கத்தில் இருக்கிறது. ஆறு கால் பூச்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'பவள மொட்டு' அழகான சொல்தான். ஆனால் அது மார்சிலி செய்த பிழைக்கே நம்மைத் திரும்பக் கொண்டுபோகிறது. பள்ளிப் பாடநூல்கள் இந்த விலங்குத் தொகுதி முழுவதற்கும் 'குழியுடலி' என்ற சொல்லைத் தந்திருக்கின்றன. ஒரு பாலிப் என்பது ஒரு குழி உடல், ஒரே வாய், சுற்றிலும் கைகள். உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய் வழிதான். எனவே எழுத்தில் 'பவளக் குழியுடலி' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. பேச்சில் 'பாலிப்' இருக்கட்டும், அது வேரூன்றிவிட்டது.

குழி என்று புரிந்துகொண்டால் வளர்ப்பும் புரியும். உடலுக்குள் தண்ணீரை இழுத்து நிரப்பித்தான் அது விரிகிறது. அந்தத் தண்ணீர் நிலையில்லாமல் போனால் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் தொட்டிமேல் மின்விசிறி ஓடும்போது தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். அதனால் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண் 1.025, வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நலம். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இது பெரும்பாடு. சூடு நீடித்தால் உடலுக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியை இழந்து வெளிறிவிடும். மீனின் வெண்புள்ளி நோய்க்கு விடும் செம்பு கலந்த மருந்தும் இவற்றைக் கொன்றுவிடும்.

ஒருமுறை என் தோல் பவளம் ஐந்து நாள் மூடியே கிடந்தது, மேலே மெழுகு போல ஒரு படலம். செத்துவிட்டது என்று பதறிப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டேன். அது தோல் உரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டியிருந்தாலே படலம் கழன்று போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பவளத்துக்குத் தமிழின் பழஞ்சொல் 'துகிர்'. பட்டினப்பாலை 'குணகடல் துகிர்' என்று காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பவளத்தைப் பாடுகிறது. நகையில் கோக்கும் செம்பவளத்தின் பாலிப்புக்கு எட்டுக் கைகள். நம் தொட்டியின் தோல் பவளத்துக்கும் எட்டுத்தான், இரண்டும் ஒரே வகுப்பு. மன்னார் வளைகுடாவில் பாறை கட்டும் வன்பவளங்களுக்கோ ஆறும் ஆறின் மடங்குகளும். ஆகவே கல்லாக இறுகாத இந்த மென்பவளங்கள்தாம் நம் பாட்டிமார் அணிந்த பவளத்துக்கு நெருங்கிய சொந்தம். இதை அறிந்த அன்று எனக்குத் தொட்டியை விட்டு நகர மனம் வரவில்லை.

கடைகளில் 'பட்டன் பாலிப்' என்று விற்பது வேறு கிளை, எட்டுக் கை இனம் அல்ல. அவற்றில் சிலவற்றின் உடலில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெறுங்கையால் வெட்டவோ, ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டுக் கழுவவோ கூடாது. அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.