‘ஒண்டுமில்ல மிஸ்’: பிந்தி வரும் பதிலும் உள்ளுணர்வும்

களுவாஞ்சிக்குடியில் உளவளத்துணை டிப்ளோமா படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வந்தவர் ‘பிரச்சினை ஒண்டுமில்ல’ எண்டு சொல்லுறார். ஆனா எனக்கு உள்ளுக்கு ஏதோ இடிக்குது. இதை நம்பலாமா, இல்லாட்டி வெறும் மனப்பிரமையா?”

இடிக்கிறது என்பதை நம்புங்கள். ஏன் இடிக்கிறது என்று உங்கள் மனம் அடுத்த நொடியே கட்டித் தரும் கதையை நம்பாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவதில் மூளை கெட்டி. இரண்டாவதில் அது அடிக்கடி சறுக்குகிறது, சறுக்கியதும் அதற்குத் தெரியவருவதில்லை.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருக்கிறார். நித்திரை இல்லை, தலைப்பாரம், ஓயாத யோசனை என்று கிளினிக்கில் சொல்லி, அங்கிருந்து உங்களிடம் அனுப்பப்பட்டவர். “வீட்டில என்ன மாதிரி அம்மா? மகன் எப்பிடி?” என்று கேட்கிறீர்கள்.

“ஒண்டுமில்ல மிஸ். அவன் நல்லாத்தான் இரிக்கான்.”

சொற்களில் குறையில்லை. முகத்தில் சிரிப்புக்கூட இருக்கிறது. ஆனால் பதில் ஒரு துளி பிந்தி வந்தது. உங்களுக்கு இடித்தது பெரும்பாலும் அந்தத் துளிதான்.

இருவர் பேசும்போது ஒருவர் நிறுத்துவதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்பதை 2009 இல் வெளியான ஓர் ஆய்வு பத்து மொழிகளில் அளந்தது. ‘ஆம், இல்லை’ என்று பதில் வரக்கூடிய கேள்விகளை எடுத்து, பதில் தொடங்கும் கணத்தைக் குறித்தார்கள். சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானிய மொழியில் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. டேனிஷ் மொழியில் அது அரைச் செக்கனை நெருங்கியது. பொதுவாக ஒத்துப்போகும் பதில் முந்தி வந்தது, மறுக்கும் பதில் பிந்தி வந்தது.

இதற்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வையுங்கள். ஒருவருக்கு மாட்டின் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால், ‘மாடு’ என்ற ஒற்றைச் சொல் வாய்க்கு வருவதற்கே ஏறத்தாழ 600 மில்லிசெக்கன் ஆகும். முழு வசனத்துக்கு இன்னும் கூட. 600 தேவைப்படுகிற வேலையை 200 இல் எப்படி முடிக்கிறோம்? மற்றவர் பேசி முடிக்க முன்னரே தொடங்கிவிடுகிறோம். அவர் எதை நோக்கிப் போகிறார், எங்கே முடிப்பார் என்பதை மூளை கணித்து, பதிலைப் பாதி கட்டி வைத்துவிட்டு, அவரது குரல் இறங்கும் இடத்துக்காகக் காத்திருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். கேள்வியைக் கேள்வியாக்கும் ‘ஆ’வும் அதற்குப் பின்னால் வந்து ஒட்டும். ‘சாப்பிட்டீங்க’ வரைக்கும் செய்தி, ஒரு ‘ளா’ வந்தால் கேள்வி. அப்படியிருந்தும் யாரும் தடுமாறுவதில்லை. தேநீர்க் கடை வாங்கில் இருந்து கதைக்கும் நான்கு பேரும் நாள் முழுக்க இந்தக் கணிப்பைத் தாம் அறியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், மனித மூளை செய்யும் அதிசயங்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இது.

அதே கணிப்பு, நாம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போதும் ஓடுகிறது. இந்தக் கேள்விக்கு, இந்த ஆளிடமிருந்து, இவ்வளவு நேரத்துக்குள், இந்தத் தொனியில் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு தயாராக நிற்கிறது. பதில் முக்கால் செக்கன் கழித்து வந்தால், எதிர்பார்ப்புக்கும் நடந்ததுக்கும் இடையிலான வித்தியாசத்தை மூளை பதிவு செய்கிறது. அது மில்லிசெக்கன் கணக்காக உங்களுக்குத் தெரிவதில்லை, ஓர் இடறலாக மட்டும் தெரிகிறது. மகனைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முந்தானை நுனி விரலில் சுற்றப்பட்டதும், ‘நல்லா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘நல்லாத்தான்’ என்று வந்ததும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

அனுபவசாலிகளுக்கு இது ஏன் கூடுதலாகக் கைவருகிறது என்பதற்குச் சதுரங்க ஆய்வு ஒன்று நல்ல விளக்கம். 1973 இல் வில்லியம் சேஸ், ஹேர்பேர்ட் சைமன் ஆகிய ஆய்வாளர்கள், நிஜ ஆட்டத்தின் நடுவில் உள்ள பலகையை 5 செக்கன் மட்டும் காட்டி, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். வல்லுநர் தொடக்கக்காரரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். அதே காய்களைக் கண்டபடி பரப்பிக் காட்டியபோது அந்த முன்னிலை ஏறத்தாழக் காணாமல் போனது. வல்லுநரிடம் இருந்தது பொதுவான ஞாபக சக்தி அல்ல, பழகிய கோலங்களின் பெரிய களஞ்சியம். உள்ளுணர்வு என்பது அடையாளம் காணுதலே என்று சைமன் பின்னாளில் எழுதினார்.

மூளை கெட்டியான பகுதி இவ்வளவுதான்.

கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் இறக்கி, மறு முனையில் காதை வைத்துக் கேட்பவர்கள் ஏதோ ஒலி கேட்கிறது என்கிறார்கள். ஒலி கேட்பதில் வாதமில்லை. அதை எழுப்புவது மீனா, ஊரியா என்பதில்தான் வாதம். உளவளத்துணை அறையிலும் இப்படித்தான். பதில் பிந்தியது நிஜம். ஆனால் மனம் அத்தோடு நிற்பதில்லை. ‘மகன் குடிக்கிறான்’, ‘மகன் அடிக்கிறான்’, ‘அம்மா எதையோ மறைக்கிறார்’ என்று பெயர் வைத்துவிடுகிறது. அந்தப் பெயர் உங்கள் முந்தைய வழக்குகளிலிருந்தும், போன கிழமை கேட்ட கதையிலிருந்தும், சில வேளை உங்கள் சொந்த வீட்டிலிருந்தும் வருகிறது.

ஒரு பதில் பிந்துவதற்கு எத்தனை காரணங்கள் இருக்க முடியும் என்று பாருங்கள். மனச்சோர்வு தானே பேச்சின் இடைவெளிகளை நீட்டும். அதில் மறைக்க எதுவும் இல்லை. தூக்கம் தரும் மருந்துகளும் அப்படி. உளநோய்க்கான சில மருந்துகள் உடம்பையே விறைப்பாக்கிப் பேச்சையும் மெதுவாக்கும். இடது காது மந்தமாக இருக்கலாம், நீங்கள் இடப்பக்கம் இருந்திருக்கலாம். மின்விசிறி சத்தம் போட்டிருக்கலாம். அலுவலகத்தில் இருக்கும் படித்த ஆளுக்கு உடனே பதில் சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்தவராக இருக்கலாம். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து மாமியாரோடு வந்த இளம் பெண், மாமியார் பேசட்டும் என்று பொறுத்திருக்கலாம். அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே பொதுச் சராசரியோடு ஒப்பிடாதீர்கள், அந்த ஆளோடு அந்த ஆளையே ஒப்பிடுங்கள். ஊர், பஸ், சாப்பாடு என்று சாதாரண விஷயங்களை முதல் ஐந்து நிமிடம் கதைப்பது வெறும் உபசாரமல்ல. அவர் இயல்பாக எவ்வளவு வேகத்தில் பதில் சொல்கிறார் என்பதை உங்கள் காது அங்கேதான் பழகிக்கொள்கிறது. அவசரத்தில் அதை விட்டுவிட்டு நேரே பிரச்சினைக்குப் போனால், எல்லாப் பதிலும் பிந்துவதாகவோ எதுவுமே பிந்தாததாகவோ தோன்றும்.

பெயர் வைக்கும் வேலையில் நிபுணர்கள் எவ்வளவு சறுக்குகிறார்கள் என்பதற்கு உளவியலாளர் ஸ்ரூவர்ட் ஒஸ்காம்ப் 1965 இல் செய்த பரிசோதனை இன்றும் கசப்பான பாடம். உளவியலாளர்களும் மாணவர்களுமாக 32 பேருக்கு ஒரு மனிதரின் வரலாற்றை நான்கு கட்டங்களாகக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அதே 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 20 வீதம் சரிவரும். முதல் கட்டத்தில் சரியான விடை 26 வீதம், கடைசிக் கட்டத்தில் 28 வீதம். ஆனால் ‘என் விடை சரி’ என்ற நம்பிக்கை 33 வீதத்திலிருந்து 53 வீதத்துக்கு ஏறியது. தகவல் கூடக் கூட வளர்ந்தது உறுதி மட்டுமே. வழக்குக் கோவை தடித்தால் ஆளைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று எண்ணும் ஒவ்வொருவரும் இந்த நான்கு எண்களையும் மேசைக்கு முன்னால் ஒட்டி வைக்க வேண்டும்.

2005 இல் வெளியான இன்னோர் ஆய்வு சிகிச்சையாளர்களிடமே நேரடியாகக் கேட்டது: உங்களிடம் வருபவர்களில் யார் யார் வந்தபோது இருந்ததைவிட மோசமாகி முடிப்பார்கள்? வழமையாக நூற்றுக்கு எட்டுப் பேர் அப்படி ஆவார்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். 550 பேரில் மோசமானவர்கள் 40 பேர். சிகிச்சையாளர்கள் முன்கூட்டிச் சொன்னது 3 பேரை. அதில் சரியானது ஒன்று. அதே ஆட்கள் நிரப்பிய வினாத்தாள்களின் புள்ளிகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, அந்த நாற்பதில் பெரும்பாலானவர்களைக் கண்டுபிடித்துவிட்டது.

சதுரங்கத்தில் வேலை செய்யும் அனுபவம் இங்கே ஏன் வேலை செய்யவில்லை? டேனியல் கானமன், கேரி கிளைன் ஆகிய உளவியலாளர் இருவரும் உள்ளுணர்வு பற்றி எதிரெதிர் முகாமில் இருந்தவர்கள். 2009 இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்று உடன்பட்டார்கள். சூழலில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும். கணிப்பு சரியா பிழையா என்ற மறுமொழி கணித்தவருக்குத் திரும்பி வந்து, அதிலிருந்து அவர் பழக வாய்ப்பு இருக்க வேண்டும். வாவியில் வீச்சுவலை எறிபவருக்கு விடை நிமிடங்களில் கிடைக்கிறது. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தாதி, பரிசோதனை முடிவு வர முன்னரே ‘இந்தப் பிள்ளைக்குத் தொற்று’ என்று சொல்லிவிடுவதுண்டு. 1993 இல் அத்தகைய தாதியரை விசாரித்து எழுதப்பட்ட ஆய்வில், அவர்கள் கவனித்த அறிகுறிகள் பல அன்றைய பாடநூல்களில் இல்லாதவை என்று தெரிந்தது. அவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை ஓரிரு நாளில் பதில் சொல்லிவிடுகிறது.

உளவளத்துணையாளருக்கு யார் பதில் சொல்வது? திருப்தி இல்லாதவர் சண்டை பிடிப்பதில்லை, அடுத்த முறை வராமல் விடுவார். வாகரையிலிருந்து வர பஸ் இல்லை என்று நாமே காரணம் சொல்லி அந்தக் கோவையை மூடிவிடுவோம். தொடர்ந்து வருபவரோ “இப்ப எவ்வளவோ நல்லம் மிஸ்” என்பார், உங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக. மிக மோசமான நாளில்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பதால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் பலர் கொஞ்சம் தேறுவார்கள். அதுவும் நம் கணக்கில் சேரும். 2016 இல் 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், அனுபவம் கூடியபோது பலன் சராசரியாகக் கூடவில்லை, மிகச் சிறிதளவு குறைந்தது. மறுமொழி இல்லாத இடத்தில் ஆண்டுகள் வெறும் ஆண்டுகள்தான்.

குறி கேட்கப் போகும் பழக்கமும் இதே ஓட்டையால்தான் உயிர் வாழ்கிறது. வாக்குச் சொல்பவர் எதிரில் இருப்பவரின் தயக்கத்தையும் மூச்சையும் கவனிப்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பலித்ததை ஊர் பத்து வருடம் சொல்லும், பலிக்காததை எவரும் எழுதி வைப்பதில்லை. யோசனையும் நித்திரையின்மையும் உள்ள பிள்ளைக்கு நூல் கட்டிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தபின் கிளினிக்குக்குக் கூட்டிவரும்போது, அந்த மூன்று மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. கணிப்பை எழுதி வைக்காத உளவளத்துணையாளரும் அறிவியலின் பக்கம் நிற்பதாகச் சொல்ல முடியாது.

மறுமொழி தானாக வராவிட்டால் அதை நாமே உண்டாக்க வேண்டும். ஒரு கொப்பி போதும். சந்திப்பு முடிந்து அடுத்தவர் வர முன்னர் ஒரு வரி: திகதி, கண்டது, நினைத்தது, எவ்வளவு உறுதி, எப்போது, எதை வைத்துச் சரிபார்ப்பது. ‘கண்டது’ என்பதில் கமெரா பிடிக்கக் கூடியது மட்டும் வரவேண்டும். ‘மகனைக் கேட்டபோது பதில் பிந்தியது, மற்றக் கேள்விகளுக்குப் பிந்தவில்லை’ என்பது சரி. ‘மறைத்தார்’ என்பது கண்டது அல்ல, நினைத்தது. நினைத்ததில் கட்டாயம் இரண்டாவது விளக்கம் ஒன்றையும் எழுதுங்கள். உறுதியை ‘ஓரளவு’ என்று எழுதாமல் 60, 70 என்று எண்ணாக எழுதுங்கள். சரிபார்க்க முடியாத கணிப்பை எழுதிப் பயனில்லை. ‘உள்ளுக்குள் கோபம் இருக்கிறது’ என்பதைச் சரிபார்க்க வழியில்லை. ‘மூன்றாவது சந்திப்புக்குள் மகனின் வேலையைப் பற்றித் தானாகப் பேசுவார்’ என்பதைச் சரிபார்க்கலாம். ஐம்பது வரி சேர்ந்தபின், 70 என்று எழுதியவற்றை மட்டும் எண்ணுங்கள். பத்துக்கு ஏழு சரியென்றால் உங்கள் உறுதிக்கு மதிப்பு இருக்கிறது. பத்துக்கு நான்கு என்றால் இனிமேல் 70 என்று தோன்றும்போது 40 என்று எண்ணிக்கொள்ளுங்கள். கொப்பியில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும், பூட்டி வையுங்கள்.

இன்னொன்று, அமெரிக்க உளவியலாளர் ஸ்கொட் மில்லர் குழுவினர் உருவாக்கிய நான்கு கோட்டு முறை. சந்திப்பு முடியும்போது 10 சென்ரிமீற்றர் நீளமான நான்கு கோடுகள்: நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, நான் விரும்பியதைப் பேசினோமா, பேசிய முறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் இன்று எப்படி. இடது முனை மோசம், வலது முனை நல்லது. அடிமட்டத்தால் அளந்து கூட்டினால் மொத்தம் 40. 36 அல்லது அதற்குக் குறைவென்றால், வந்தவர் எழும்ப முன்னர் அதைப் பற்றிப் பேச வேண்டும். நம் பகுதியில் இது கெடும் இடம் ஒன்றுதான், எல்லாரும் 40 போட்டுவிடுவார்கள். “அடுத்த முறை நான் எதை மாத்தினா உங்களுக்குச் சுகமா இருக்கும்?” என்று கேளுங்கள். “நல்லா இருந்ததா?” என்று கேட்டால் ‘ஓம்’ தவிர வேறொன்றும் வராது. முதல் சந்திப்பில் 34 போட்டவர் அடுத்ததில் 37 போட்டால், ஒவ்வொரு முறையும் 40 போடுபவரைவிட அவர் உங்களை நம்புகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உயிர் பற்றிய விஷயத்தில் மட்டும் உள்ளுணர்வுக்கு ஒரு வாக்குக்கூடக் கொடுக்காதீர்கள். ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை 2017 இல் சேர்த்துப் பார்த்தபோது, தற்கொலையை முன்கூட்டிச் சொல்வதில் அறியப்பட்ட ஆபத்துக் காரணிகள் காசு சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. ஆகவே ‘இவர் அப்படிச் செய்யமாட்டார்’ என்று மனம் சொன்னாலும், வாய் திறந்து கேளுங்கள்: “உயிர மாய்க்கோணும் எண்டு யோசின வந்திருக்கா அம்மா?” கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால் வழி, நேரம், கையில் மருந்தோ கிருமிநாசினியோ இருக்கிறதா என்று கேட்டு, அன்றே உளநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையோரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சிகள் குவிந்தன. பயிற்சி முடிந்து வீடு போனவருக்கு, மாதம் ஒரு முறை இருந்து தன் வழக்குகளைப் பார்த்துத் திருத்த ஒரு மூத்தவர் தேவைப்பட்டார். அதற்குச் செலவழிக்க முன்வந்தவர்கள் குறைவு. தமிழ் உரையாடலில் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அளக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவி, ஒப்புதல் படிவம், பொறுமையான இரண்டு மாணவர்கள் போதும். கிழக்குப் பல்கலைக்கழகமோ தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ இதைச் செய்தால், இங்கே வேலை செய்யும் ஒவ்வொரு உளவளத்துணையாளருக்கும் அது நாளாந்தம் பயன்படும்.

இனி அந்தத் தாயிடம் திரும்புவோம். பதில் பிந்தியது, உங்களுக்கு இடித்தது. பெயர் வைக்காமல், கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “மகனப் பத்திக் கேட்டநேரம் கொஞ்சம் யோசிச்சுச் சொன்ன மாதிரி இருந்திச்சு அம்மா. எனக்குப் பிழையாவும் விளங்கியிருக்கலாம்.” கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள், மறுத்துச் சொல்ல அவருக்கு வழி திறப்பது அதுதான். சொன்னபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு பேசாமல் இருங்கள். ஐந்தாவது எண்ணில் உங்களுக்கே தாங்க முடியாமல் போய் அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வரும். இந்தத் தொழிலில் பலர் கோட்டை விடுவது அந்த இடத்தில். பத்து எண்ணி முடிந்தும் “இல்ல மிஸ், அப்பிடி ஒண்டுமில்ல” என்றால், சரி என்று ஏற்றுக்கொண்டு அவர் சொல்ல வந்த நித்திரைக்கும் தலைப்பாரத்துக்கும் போங்கள். அவர் எழுந்து போனதும் கொப்பியை எடுத்து, இரண்டு விளக்கத்தையும் எழுதி, பக்கத்தில் 50 என்று போடுங்கள்.